காதுமடல் பதம்

உருளைகளுக்கு நடுவிலிருந்து பிளாஸ்டிக் தகடு சுடச்சுட வழிந்து வருகிறது. ஆறுவதற்குள் அதன் ஓரத்தை இடது கை விரல்களால் பிடித்துக்கொள்கிறார். வலது கை தன் காதுமடலைப் பிடித்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் ஒரே நேரத்தில் நசுக்கிப் பார்க்கிறார். பிறகு, "இன்னும் கொஞ்சம் குடிக்கும்" என்கிறார்.

குடிப்பது எண்ணெய். பிளாஸ்டிக் மாவை அப்படியே உருக்கினால் கல் மாதிரி இறுகிவிடும். தண்ணீர் மாதிரி நிறமில்லாத இந்த எண்ணெயைச் சேர்த்தால்தான் வளையும், குழையும். மேஜை விரிப்பு, குளியலறை மிதியடி, குழந்தைகள் தண்ணீரில் மிதக்கவிடும் வாத்து எல்லாம் இந்தப் பட்டறையில் பிறக்கின்றன. எண்ணெய் ஊற்றுகிறவர் என்பதால் இவருக்கு 'எண்ணெய் அண்ணன்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. மாடியில் என் எதிர்வீட்டுக்காரர். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும் மேஜையின் மேல் கிடக்கிற பூப்போட்ட விரிப்பு அவர் கொடுத்ததுதான்.

தொழில் புத்தி அவரை எங்கேயும் சும்மா இருக்கவிடாது. பேருந்தில் பக்கத்தில் நிற்கிறவரின் பை வாரைத் தடவிப் பார்ப்பார். அந்த ஆள் முறைத்தால், "தப்பா நினைக்காதீங்க, நம்ம சரக்கான்னு பார்த்தேன்" என்று சிரிப்பார். நான் ஆசை ஆசையாக வாங்கி வந்த புதுச் செருப்பை வாசலிலேயே மடக்கிப் பார்த்துவிட்டு, "எண்ணெய் பத்தல அக்கா, மழைக்குள்ள வெடிச்சிடும்" என்றார். சொல்லிவைத்தது போல வெடித்தது. அவர் வாயை அடைக்க வேண்டும் என்றுதான் அன்று தோன்றியது.

"காதுதான் அளவுன்னு யார் சொல்லிக் கொடுத்தாங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"யாரும் இல்ல. பாப்பா கைக்குழந்தையா இருந்தப்போ அவ காதைப் பிடிச்சுக்கிட்டே தூங்க வைப்பேன். மறுநாள் வேலையில பார்த்தா விரலுக்கு அதே ஞாபகம். இந்தப் பதத்துக்குச் சரக்கு வந்தா போதும்னு தோணிச்சு. என் காது முத்திப்போச்சு அக்கா. ஒரு குத்துமதிப்புக்குத்தான் அதைப் பிடிக்கிறேன்."

உண்மையான அளவை வீட்டிலேயே வைத்திருந்தார். தினமும் காலையில் அவர் செருப்பு மாட்டும்போது மகள் ஓடிவந்து தலையைச் சாய்ப்பாள். "அப்பா, பதம் பாரு!" அவர் இரண்டு விரலால் மெல்ல அமுக்கிவிட்டு, "இன்னைக்குச் சரக்கு சூப்பரா வரும்" என்பார். சாயங்காலம் திரும்பினால் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். புதுப் பொம்மைக் கடை மாதிரி ஒரு நெடி அவர்மேல் எப்போதும் இருக்கும். அவள் அதை அப்பா வாசனை என்று சொல்வாள்.

மகள் இரண்டாம் வகுப்பு. முன்பல் இரண்டும் இப்போதுதான் முளைத்து வருகின்றன. போன வருடம் திடீரென்று மளமளவென்று வளர்ந்தாள். சாப்பாடு உடம்பில் ஒட்டுகிறது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். பிறகு ஒரு மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து அவள் அம்மாவுக்குப் போன் வந்தது. தனியாகப் போகப் பயந்து என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். ஓய்வறைக் கட்டிலில் கால்களை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது குழந்தை. எங்களைப் பார்த்ததும், "அம்மா, நான் எங்கேயுமே விழலம்மா. சத்தியமா விழல" என்று அழுதது. பாவாடையில் ரத்தம். அந்த வயதில் என்ன சொல்லிப் புரியவைப்பது? அவள் அம்மா அள்ளிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்கு நான்கு பேருமாகப் போனோம். குழந்தையை நர்ஸ் ஊசி போடும் அறைக்குக் கூட்டிப்போன பிறகு டாக்டரம்மா எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கினார். எலும்பு வயதுக்கு மீறி முற்றிக்கொண்டிருக்கிறது. இப்படியே விட்டால் வளர்த்தி சீக்கிரம் நின்றுவிடும். பருவத்தைத் தள்ளிப்போட மாதாமாதம் ஊசி போட வேண்டும். பிறகு அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டார். அவர் சொன்னார்.

"அந்த எண்ணெய் பிளாஸ்டிக்கோட கலந்து கெட்டியா நிக்காது இல்ல?" என்றார் டாக்டரம்மா.

"நிக்காதுங்க. வெயில் காலத்துல சரக்கு வேர்க்கும். துணியால தொடைச்சிட்டு அனுப்புவோம்."

"அந்த வேர்வைதான். தோல்ல, வாய்ல, தூசில உடம்புக்குள்ள போகும். போனா உடம்போட ஹார்மோன் வேலையில குறுக்கே புகுந்து குழப்பும். குழந்தைங்களுக்கு இன்னும் மோசம்."

எண்ணெய் அண்ணன் தன் விரல்களைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "பல்லு முளைக்கிறப்போ கடிக்கிறதுக்கு நானே ஒரு வாத்து செஞ்சு கொடுத்தேன். கடையில வாங்கினது கெட்டியா இருந்துச்சு. ஈறு வலிக்கக் கூடாதேன்னு ரெண்டு கரண்டி கூட ஊத்தினேன்."

அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அதனாலதானா டாக்டர்?"

"இதனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது. பல காரணம் இருக்கலாம். இனிமே கிட்ட வராம பார்த்துக்கங்க."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பார். இல்லை என்று சொல்லியிருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பார். இரண்டுக்கும் வழியில்லாமல் அந்த மனுஷனை வீட்டுக்குக் கூட்டிவந்தோம்.

அவர் மனைவி வீட்டையே கவிழ்த்தாள். டப்பா, வாளி, விரிப்பு, பொம்மை எல்லாம் தெருவுக்குப் போயின. அந்த வாத்தும் போனது. அதன் மூக்கில் குழந்தையின் பல் தடங்கள் அப்படியே இருந்தன. அப்புறம்தான் அவள் கண்ணுக்குத் தண்ணீர்க் குழாய் தெரிந்தது. மொட்டைமாடித் தொட்டி, மருந்து பாட்டில், பள்ளிக்கூடப் பை, மழைக்கோட்டு எல்லாம் தெரிந்தன. "எதையக்கா தூக்கிப் போடுறது?" என்று நடுக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் வேறு வேலை தேடாமல் இல்லை. இந்த வேலையைத் தவிர வேறெதுவும் தெரியாத ஆளை யார் சேர்ப்பார்கள்? மாதாமாதம் ஊசிக்கு இந்தச் சம்பளம்தான் போகிறது. முதலாளியிடம் சொல்லிப் பார்த்தார். "அப்படிப் பார்த்தா நாமெல்லாம் எப்பவோ செத்திருக்கணுமே" என்று அவர் சிரித்துவிட்டுப் போனாராம். பிறகு யாரிடமும் சொல்லாமல் எண்ணெயைக் குறைத்து ஊற்றினார். அந்த வாத்துகள் பெட்டியிலேயே கழுத்து வெடித்துத் திரும்பி வந்தன. பட்டறையே கூடி நிற்க ஏச்சு வாங்கினார். அடுத்த நாளிலிருந்து பழையபடி ஊற்றுகிறார்.

"யார் வீட்டுக்கோ போகுது அக்கா" என்றார் என்னிடம். "அங்கேயும் ஒண்ணு பல்லு முளைச்சுக்கிட்டு இருக்கும். தெரிஞ்சே ஊத்துறேன்."

இப்போது சாயங்காலங்களில் கீழே குழாயடியிலேயே குளிக்கிறார். முழங்கை வரை தேங்காய் நார் போட்டுத் தேய்க்கிறார். வேலைச் சட்டையைப் பையில் கட்டி மீட்டர் பெட்டிக்குப் பின்னால் செருகிவிட்டு, வேறு சட்டை மாட்டிக்கொண்டு மாடி ஏறுகிறார். இவ்வளவு செய்தும் மகளைத் தொடுவதில்லை. காலையில் அவள் எழுந்திருப்பதற்கு முன்பே கிளம்பிவிடுகிறார். அப்பாவுக்குத் தன்மேல் கோபம், பள்ளிக்கூடத்தில் நடந்ததுதான் காரணம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். என்னிடம் அப்படித்தான் சொன்னாள்.

நேற்று அவர் ஏறி வரும்போது அவள் வாசலிலேயே காத்திருந்தாள். நான் என் கதவோரம் நின்றிருந்தேன். அவர் கடைசிப் படிக்கு வந்ததும் முடியை ஒதுக்கிவிட்டுத் தலையைச் சாய்த்தாள்.

"அப்பா, பதம் பாரு."

கை தன்னால் நீண்டது. காதுக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது. அவள் தலையைச் சாய்த்தபடியே கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். அவர் கையைப் பின்னுக்கு இழுத்தார். இரண்டு கைகளாலும் தன் இரண்டு காதுகளையும் பிடித்துக்கொண்டு, அந்தப் படியிலேயே அவள் முன்னால் நின்றார்.