பக்கத்து வீட்டுத் தறி ஏன் நின்றது?

போன வருடம் மே மாதக் கடைசியில் நடந்தது இது. காஞ்சிபுரத்திலிருந்து கூரம் போகிற பக்கம் உள்ள ஒரு சின்னக் கிராமத்தில், விடுமுறைக்கு வருபவர்களுக்கு வாடகைக்கு விடும் ஒரு வீட்டில் நாங்கள் மூன்று நாள் தங்கினோம். நாங்கள் என்றால் நான், என் கணவர், ஏழாவதும் நாலாவதும் படிக்கும் எங்கள் இரண்டு பெண்கள். திருச்சியில் நான் பள்ளி ஆசிரியை. வகுப்பைப் போலவே வீட்டையும் நடத்துகிறேன் என்று என் கணவர் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். அதில் பாதிதான் உண்மை.

அந்த வீட்டின் விவரத்தைக் கொடுத்தவர் காஞ்சிபுரத்தில் ஒரு புடவைக் கடைக்காரர். நாங்கள் போனதற்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை என் தங்கைக்குக் கல்யாணம். எங்களுக்கு அம்மா இல்லை. மூத்தவள் நான்தான் எல்லாம் பார்க்க வேண்டும். முகூர்த்தப் புடவையைத் தறியில் சொல்லி நெய்துதான் வாங்க வேண்டும் என்று பிடிவாதமாக இரண்டு மாதம் முன்பே அந்தக் கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். உடல் அரக்கு, கரை முழுக்கச் சரிகை, முந்தியும் ரவிக்கைத் துணியும் மயில்கழுத்து நிறம். "எனக்குக் காட்டாமல் முந்தியை ஆரம்பிக்கக் கூடாது" என்று வகுப்பில் சொல்வதுபோல விரலை நீட்டிச் சொன்னேன்.

"அதான் மேடம் எங்க வழக்கமும். முந்திக்கு நூல் வந்ததும் போட்டோ அனுப்புவோம். நீங்க ஓகேன்னாதான் தறிக்காரரு முந்திய ஒடம்போட சேப்பாரு. இழை இழையா முடிச்சு போட்டு சேத்துட்டா அப்பறம் பிரிக்க முடியாது" என்றார் கடைக்காரர்.

சரி என்று தலையாட்டினேன். அப்படியே பேச்சுவாக்கில், இந்தப் பக்கம் அமைதியாகத் தங்க இடம் உண்டா என்று கேட்டபோதுதான் அந்த வீட்டின் போன் எண்ணைக் கொடுத்தார். நாங்கள் எப்போது போகிறோம் என்று அவருக்குத் தெரியாது. எனக்குமே அப்போது தெரியாது.

திங்கட்கிழமை மதியம் போய் இறங்கினோம். மாடியில் இரண்டு அறை எங்களுக்கு, கீழே வீட்டுக்காரம்மா. நாற்பது வயதிருக்கும். பெட்டியை வைப்பதற்குள் என் கணவர் வைஃபை பாஸ்வேர்டு கேட்டார்.

அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. "நெட்டு இல்லீங்க சார். போன்ல பேசணும்னாகூட அந்தத் தண்ணி டேங்க் கிட்ட போனாதான் சரியா கெடைக்கும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எனக்கு ஒண்ணுமே புரியலக்கா. பாதிப் பேரு வந்ததும் நெட்டு இருக்குதான்னுதான் கேக்கறாங்க. மீதிப் பேரு நெட்டு இல்லாததே நிம்மதியா இருக்குதுன்னு எழுதிட்டுப் போறாங்க. வெக்கறதா, வேணாமா? நீங்களே சொல்லுங்க" என்றார்.

எனக்கு இது போதாதா? விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு நெட் எதற்கு, நெட் இல்லாததுதான் விடுமுறை என்று பத்து நிமிடம் பேசினேன். பேசியதோடு விடவில்லை. எங்கள் மூன்று போன்களையும் அணைத்து, கொண்டுபோயிருந்த முறுக்கு டப்பாவில் போட்டு மூடி பீரோ மேல் வைத்தேன். வியாழக்கிழமை காலை வண்டி ஏறும்போதுதான் திறப்போம் என்று சொன்னேன். சின்னவள் அழுதாள். பெரியவள் முறைத்தாள். கணவர் போய்ப் படுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டில் தறிச் சத்தம் கேட்டது. வீட்டுக்காரம்மா எங்களை அழைத்துப் போனார். ஐம்பது வயது தாண்டிய ஒருவர் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருந்தார். கரை நூல் சுற்றிய நாடாக் கட்டையை அந்தப் பக்கமிருந்து தள்ளிக் கொடுக்க அவர் மனைவி. மஞ்சள் சுண்ணாம்பு அடித்த சுவரில், ஒரு மூலை கிழிந்த முருகன் காலண்டர் தொங்கியது. தறியில் அரக்குப் பட்டு, சரிகைக் கரை.

"என் தங்கைக்கும் அரக்குதான் சொல்லியிருக்கோம்" என்றேன்.

"எல்லாருமே கல்யாணத்துக்கு அரக்குதாம்மா கேக்கறாங்க" என்று சிரித்தார் அவர். வெள்ளிக்கிழமைக்குள் இந்தப் புடவையை முடித்துத் தறியிலிருந்து இறக்கிவிட்டு, சனிக்கிழமை ஆரணிக்குப் போக வேண்டுமாம். ஒரே மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. முடிந்ததும் பெண்ணைக் கையோடு பிரசவத்துக்குக் கூட்டிவர வேண்டும். அதைச் சொல்லும்போது அவர் மனைவி, வாங்கி வைத்திருந்த கண்ணாடி வளையல்களை எடுத்து வந்து என் பெண்களுக்குக் காட்டினார்.

செவ்வாய்க்கிழமை காலை எழுந்தால் தறிச் சத்தம் இல்லை. மதியமும் இல்லை. எனக்கு உறுத்தலாகிவிட்டது. முந்தின நாள் சின்னவள் அங்கே காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். விருந்தாளிகளுக்குத் தொந்தரவு என்று நினைத்து நிறுத்திவிட்டார்களோ? வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும் என்றாரே. "போய், எங்களுக்கு ஒன்றும் தொந்தரவில்லை, தாராளமாக நெய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்" என்று கணவரை அனுப்பினேன். அவரும் போய்ச் சொன்னார். அவர்கள் ஒன்றும் விளங்காமல் இவரைப் பார்த்துவிட்டு, மோர் கொடுத்து அனுப்பினார்களாம். தறி மட்டும் ஓடவில்லை.

புதன்கிழமையும் அதே அமைதி. தறிக்காரர் வாசலுக்கும் தண்ணீர்த் தொட்டிக்குமாக நடந்துகொண்டிருந்தார். வீட்டுக்காரம்மாவிடம் கேட்டேன்.

"பார்ட்டி ஓகே சொல்லலியாம்க்கா. திங்கக்கெழமையே போட்டோ போயிடுச்சு. கடையிலேந்து போன் மேல போன் அடிக்கறாங்களாம், எடுக்கவேயில்லயாம். அவுங்க சொல்லாம முந்திய சேக்க முடியாது. ரெண்டு பேரும் கைய கட்டிக்கினு ஒக்காந்துனு இருக்காங்க."

புடவை சொல்லியிருப்பவரைத்தான் அங்கே பார்ட்டி என்கிறார்கள். எனக்கு அந்தப் பார்ட்டி மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. கல்யாணப் புடவையைச் சொல்லிவிட்டுப் போனை எடுக்காமல் இருப்பார்களா, இவர்களுக்கு எல்லாம் அடுத்தவர் பிழைப்பு என்றால் விளையாட்டா என்று நான்தான் பொரிந்து தள்ளினேன். இதை இப்போது எழுதும்போதுகூட முகம் சூடாகிறது.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரம்மா என் தங்கையின் கல்யாணப் பத்திரிகையைப் பார்க்க ஆசைப்பட்டார். அது போனில்தான் இருந்தது. ஐந்து நிமிடம்தானே என்று டப்பாவைத் திறந்து என் போனை மட்டும் உயிர்ப்பித்தேன். சிக்னல் ஒரு கோடு வந்தது. தவறிய அழைப்புகள் பதினேழு என்றது.

எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. எழுபத்தைந்து வயது, திருச்சியில் தனியாக இருக்கிறார். செருப்புகூடப் போடாமல் தொட்டியை நோக்கி ஓடினேன். அங்கே நின்று பார்த்தால் பதினேழும் புடவைக் கடை. வாட்ஸ்அப்பில் ஒரு படம். கீழே, "மேடம், முந்தி நூல் இது. ஓகேவா? ப்ளீஸ் சொல்லுங்க" என்று நாலு தடவை.

படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. முதலில் மஞ்சள் சுவர். இந்தச் சுவரை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று நினைத்தேன். பிறகு மூலை கிழிந்த முருகன் காலண்டர். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நம் பக்கத்து வீட்டுப் படத்தைக் கடைக்காரர் எனக்கு ஏன் அனுப்பினார் என்றுதான் குழம்பினேன். அரக்குப் புடவையும், அதன்மேல் வைத்த ஒரு நூல்கண்டும் தெரிந்த பிறகுதான் புரிந்தது.

அந்தப் பார்ட்டி நான்தான்.

இன்னொரு குழப்பமும் அங்கேயே சேர்ந்துகொண்டது. படத்தில் நூல் மயில்கழுத்தாக இல்லை. பச்சைக் கிளி மாதிரி இருந்தது. இதை எப்படி ஓகே என்பது? அதே போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தேன். வாயைத் திறந்து எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. "அது என் தங்கச்சி புடவைதாங்க. நான்தான் போனை அணைச்சு வெச்சிருந்தேன்" என்றேன்.

அவர் திட்டியிருந்தால் தேவலை. "அடடா, இங்கியே இருந்தீங்களாமா" என்றார், அவ்வளவுதான். உள்ளே போய் நூல்கண்டை எடுத்து வந்து வாசல் வெளிச்சத்தில் என் கையில் வைத்தார். அசல் மயில்கழுத்து. நான் கடையில் பார்த்த அதே நிறம். உள்ளே ட்யூப்லைட்டில் எடுத்த படம் அதைப் பச்சையாக்கிக் காட்டியிருக்கிறது.

"போட்டோல மாறித்தாம்மா தெரியுது. திங்கக்கெழமையே பாத்திருந்தா நீங்க வேணாம்னு சொல்லியிருப்பீங்க. திரும்ப சாயம் போட நூல் போயிருக்கும்" என்றார். எனக்கு ஆறுதல் சொல்கிறாரா, உண்மையைச் சொல்கிறாரா என்று புரியவில்லை. இரண்டுமாகத்தான் இருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். முந்தியைச் சேர்க்க ஒரு நாள், முந்தியும் ரவிக்கைத் துணியும் நெய்ய மூன்று நாள். எப்படி ஓட்டினாலும் ஞாயிறு ராத்திரி ஆகும். திங்கட்கிழமை கடைக்குப் போனால்தான் திருச்சியில் தையல்காரர் ரவிக்கை தைத்துக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு.

"நீங்க போயிட்டு வாங்க. லேட்டா ஆனாலும் பரவாயில்லை" என்று சொன்னேன். ஆனால் எவ்வளவு மெதுவாகச் சொன்னேன் என்று எனக்குத்தான் தெரியும். தங்கை வேறு ரவிக்கை போட்டுக்கொள்ளட்டும் என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை.

"கல்யாணப் பொடவமா. கடைக்கு திங்கக்கெழமைன்னு வார்த்த குடுத்துட்டேன்" என்றார் அவர். மனைவி பக்கம் திரும்பி, "நீ போ. அம்மா இல்லாம வளகாப்பு நடக்காது. அப்பன் இல்லாட்டி நடக்கும்" என்றார். அவர் மனைவி வளையல் பெட்டியை மூடி வைத்தார். கரை நாடாவைத் தள்ள நான் வந்து உட்காருகிறேன் என்று எங்கள் வீட்டுக்காரம்மா முன்வந்தார். அவரும் தறி வீட்டில் பிறந்தவர்தான்.

அந்த நிமிடம் எனக்குள் 'அப்பாடா' என்று ஒரு நிம்மதி வந்தது. அதை நினைத்தால்தான் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அம்மா இல்லாமல் என் தங்கையை மணையில் உட்கார வைக்கப்போகும் வேதனை தெரிந்த நான், இன்னொரு பெண்ணின் அப்பாவைத் தறியில் உட்கார வைத்துவிட்டு நிம்மதியானேன்.

அரை மணி நேரத்தில் அவர் தறிக்குழியில் இறங்கி இழைகளை முடிச்சுப் போட ஆரம்பித்திருந்தார். என் கணவர், "நெட் இல்லாததுதான் விடுமுறை" என்று ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியிருக்கலாம். சொல்லவில்லை. முறுக்கு டப்பாவைத் துடைத்துப் பையில் வைத்தார்.

புடவை திங்கட்கிழமை கடைக்கு வந்தது. கல்யாணம் நன்றாக நடந்தது. முந்தியைத் தொட்டுப் பார்க்காத உறவுக்காரர் இல்லை. மறுநாள் வீட்டுக்காரம்மாவுக்கு போன் செய்து ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போயிற்று என்று கேட்டேன். ஆரணியில் வளையல் போடும் நேரத்துக்கு மகள் வீடியோ காலில் கூப்பிட்டாளாம். இவர் தறியிலிருந்து எழுந்து தண்ணீர்த் தொட்டியடிக்கு ஓடியிருக்கிறார். படம் நின்று நின்று வந்ததாம். மகள் கை தெரிந்தால் முகம் தெரியவில்லை, முகம் தெரிந்தால் சத்தம் வரவில்லை. கடைசியாக மகள் இரண்டு கையையும் போனுக்கு நேரே தூக்கிக் காட்டியபோது அப்படியே உறைந்துவிட்டதாம். அதையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, திரும்ப வந்து குழியில் இறங்கிவிட்டாராம்.

"நல்ல நெட்டு இருந்திருந்தா முழுசா பாத்திருப்பாருக்கா" என்ற அந்த அம்மா, பழைய கேள்வியையே மறுபடியும் கேட்டார். "இப்போ சொல்லுங்க. வெக்கட்டுமா, வேணாமா?"

 திங்கட்கிழமை நெட் இருந்திருந்தால் நல்ல நூலை வேண்டாம் என்றிருப்பேன். இல்லாததால் அவரை இரண்டு நாள் சும்மா உட்கார வைத்தேன். தெரு இறங்கிப் போய்ப் பார்த்திருந்தால் எதுவுமே தேவைப்பட்டிருக்காது. ஆனால் அது என் புடவைதான் என்று எனக்கு யார் சொல்வது? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.

இப்போதும் விடுமுறைக்குப் போனால் போனை அணைக்கத்தான் செய்கிறேன். ஆனால் அணைப்பதற்கு முன்னால் யாருக்காவது பதில் பாக்கி வைத்திருக்கிறேனா என்று ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். அப்போதெல்லாம், தொட்டிக்கு அடியில் அசையாத படத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த அப்பாவுக்கு இரண்டு நாள் நான் கொடுக்காமல் வைத்திருந்த பதில்தான் நெஞ்சில் வந்து நிற்கிறது.