கடல் இல்லாத கடற்கரைப் படங்கள்

போன வாரம் என் மனைவி சரசு பரணைச் சுத்தம் செய்தாள். வந்தது வினை!

பழைய பிஸ்கட் டப்பா ஒன்று கீழே இறங்கியது. உள்ளே இரண்டு சிப்பி, பிலிம் டப்பாவில் கொஞ்சம் மணல், கல்யாணத்துக்கு முன்னால் நண்பர்களோடு கோழிக்கோடு கடற்கரைக்குப் போனபோது எடுத்த போட்டோக்கள்.

சரசு கடலைப் பார்த்ததே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறாள். என் பதில் ஒன்றே ஒன்றுதான் - "கடல்ல என்ன புள்ள இருக்குது? நான் பாத்ததுதானே!"

முதலமடையில் மாந்தோப்பு வைத்திருப்பவனுக்குச் சாக்கா கிடைக்காது? கார்த்திகையில் பூ. மார்கழியில் மருந்தடி. தை பிறந்தால் காய் பறிப்பு, லாரி, லோடு. எல்லாம் முடிந்தால் மழை... மழையில் யாராவது கடலுக்குப் போவார்களா?

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதுல கடல் எங்கீங்க?"

எங்கே இருக்கும்? பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்ணில் பட்டது ஒரு தள்ளுவண்டி. கண்ணாடி ஜாடிகளில் உப்புத் தண்ணீரில் ஊறிய மாங்காய். மற்றவர்கள் வாங்கித் தின்றுவிட்டுக் கடலைப் பார்க்கப் போவார்கள். நாங்கள்? "இது எந்த ஊர்க் காய்? கிளிமூக்கா, நாட்டுக்காயா?" என்று ஆரம்பித்தோம். வண்டிக்காரர் ஏதோ ஊர் சொன்னார். நண்பன் மயில்சாமி விடவில்லை, "எங்க ஊருக் காயி எங்களுக்குத் தெரியாதா?" என்று கையை நீட்டிச் சண்டை. சாயங்காலம் வரை கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாங்காய்ப் பஞ்சாயத்து! எடுத்த படமெல்லாம் அந்த வண்டியும் ஜாடியும்தான். பஸ்ஸுக்கு ஓடும்போது அள்ளியதுதான் அந்த மணலும் சிப்பியும்.

ஒரே ஒரு படத்தில் மயில்சாமியின் காதுக்குப் பின்னால் நீலமாக ஒரு கோடு. "இதா, கடல்!" என்றேன்.

சரசு சிரிக்கவில்லை.

"அப்ப நீங்களும் பாக்கலீங்க. இத்தன வருசமா பாத்த மாதிரியே பேசீட்டிருந்தீங்க... ஞாயித்துக்கெழம போறமுங்க."

காரில் போனோம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராகத் தண்ணீரில் இறங்கினாள். ஒரு அலை வந்து இடுப்பு வரை நனைத்தது. "ஐயோ!" என்று கத்தினாள், சிரித்தாள், அப்புறம் அழுதாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. வெட்கமாகப் போய்விட்டது எனக்கு. இதையா பூ, மருந்தடி என்று வருஷா வருஷம் தள்ளிப்போட்டேன்? நானெல்லாம் என்ன மனுஷன்!

ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது...

"போலாமா சரசு? நாளைக்கு லோடு இருக்குது."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க முன்னால போங்க. நான் பொறகு வாரனுங்க."

மணலில் உட்கார்ந்துவிட்டேன். இருட்டும் வரை அவளோடு கடல் பார்த்தேன். உடனே, ஆள் திருந்திவிட்டான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள் - கார் சாவி அவள் பையில் இருந்தது!