பாதியில் நின்ற அறிவிப்பு

பேய், ஆவி எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு, திண்டிவனத்தில் சித்தப்பாவின் மைக்செட் கடையில் வேலை பார்ப்பவள் நான். சத்தம் என்று ஒன்று வந்தால் அது எங்கிருந்தோ வந்தாக வேண்டும் என்று படித்தவள். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், அதனால் நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. எண்பத்தாறாம் வருஷம், விழுப்புரத்தில் நூலக விழா. மதியம் கரண்ட் போனது.
2. ஆம்ப்ளிஃபயர் அணைந்தது. பேட்டரியை அன்று நாங்கள் எடுத்துப் போகவில்லை.
3. நூலகத்து மொட்டைமாடியில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் ஓர் அறிவிப்பு வந்தது.
4. குரல் என்னுடையது.
5. அறிவிப்பு முடியவில்லை.

காலையிலிருந்து மைக்கில் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். எந்த விழாவிலும் மேடைப் பேச்சைவிட ஆள் கூப்பிடும் வேலைதான் அதிகம். யாராவது மேடையோரம் வந்து காதில் சொல்வார்கள், நாம் சொல்ல வேண்டும்: "வளவனூர் மாணிக்கம் அவர்கள் எங்கிருந்தாலும் மேடைக்கு அருகில் வரவும். உங்கள் மனைவி காத்திருக்கிறார்." உடனே கூட்டத்தில் ஒருவர், "யோவ் மாணிக்கம், ஜல்தி போய்யா! பொம்பள மைக்செட்டே கூப்புடுது, வூட்ல இன்னா பேஜாரோ!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

கரண்ட் போனதும் சித்தப்பா வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கி வந்தார். மைக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வாய் நிறையத் தின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் மேலிருந்து, தெளிவாக, என் குரல்: "கிளியனூர் ஜெயமேரி எங்கிருந்தாலும் மேடைக்கு அருகில் வரவும். உங்கள் அம்மா உங்களைத் தேடுகிறார்."

நம்பினால் நம்புங்கள், வாயில் இருந்ததை என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஆம்ப்ளிஃபயரின் கெபாசிட்டரில் மிச்சமிருக்கும் சார்ஜ் ஒரு முனகலுக்குத்தான் போதும், இரண்டு வாக்கியத்துக்குப் போதாது. ஒயரைத் தொட்டுப் பார்த்தேன், பிளக்கைப் பிடுங்கினேன். அதற்குள் ஜெயமேரி அக்கா ஓடி வந்துவிட்டாள். நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுப்பவள், காலையில்தான் பழக்கம்.

"எங்கம்மா எங்க? எங்க உக்காந்துகினு இருக்காங்க?"

"அக்கா, நான் கூப்புடலக்கா."

"இன்னாடி வெளாட்றியா? ஊரே கேட்டுச்சு! இடுப்பொடிஞ்சி மூணு மாசமா படுத்துகினு இருக்கறவங்க எப்படிடி வந்தாங்க?"

சித்தப்பாவைப் பார்த்தேன். "கரண்ட்டு இல்லாமயா பேசின?" என்று அவர் என்னையே கேட்டார்.

ஜெயமேரி அக்கா அழ ஆரம்பித்தாள். அவளைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. சித்தப்பாவிடம் செட்டை விட்டுவிட்டு நானும் பஸ் ஏறினேன். திண்டிவனத்தில் இறங்கி, பாண்டிச்சேரி பஸ் மாறி, கிளியனூர் போய்ச் சேரும்வரை அவள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்தாள். நான் சர்க்யூட்டை மனதுக்குள் பிரித்துப் பிரித்துப் பூட்டினேன். எப்படிப் பூட்டினாலும் அதில் என் குரல் வர வழியில்லை.

வீட்டு வாசலில் அவளுடைய அண்ணி நின்றிருந்தாள். "யாரு சொல்லி வந்த? இப்பதான் மூச்சு இழுக்குது, ஆள் அனுப்பலாம்னு இருந்தோம். மதியத்திலேர்ந்து ஒரே பேச்சு, 'மைக்ல சொல்லச் சொல்லிட்டேன், மேரி வந்துடுவா'ன்னு."

அந்த அம்மா மகள் கையால் இரண்டு வாய் தண்ணீர் குடித்தார். மகளின் கன்னத்தைத் தடவினார். பிறகு கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். அதற்கு முன் அவர் என்னைப் பார்த்ததே இல்லை.

"இந்தப் பொண்ணுதான். இதுகிட்டதான் சொன்னேன்," என்றார். "ஏம்மா, எம்பின்னாடி ஒரு அம்மா நின்னுகினு இருந்தாங்களே, அவங்க சொன்னத சொல்லிட்டியா?"

"யாரும்மா? எந்த ஊரு? பேர் இன்னா?"

மூன்று தடவை கேட்டேன். ஜெயமேரி அக்கா என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். விளக்கு வைப்பதற்குள் அந்த அம்மா போய்விட்டார்.

ஐந்தாவதாக எழுதினேனே, அது இதுதான். ஜெயமேரியை அழைத்து முடித்ததும் அந்தக் குரல், என் குரல், நிற்கவில்லை. "அடுத்து, திண்டிவனம்..." என்று தொடங்கியது. அப்போதுதான் நான் பிளக்கைப் பிடுங்கினேன். கரண்ட் இல்லாமலே பேசிய குரல் அதற்குக் கட்டுப்பட்டது. பெயர் வரவில்லை.

இன்றைய நிலைமை இது. ஜெயமேரி அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொள்கிறாள். என் அம்மா திண்டிவனத்தில் நன்றாக இருக்கிறார். நான் மைக் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். கரண்ட் போனால் மட்டும் பிளக்கைத் தொடுவதில்லை.