மாதாவிடம் பகல் கேட்டேன்

அன்பின் சகோதர சகோதரிகளே, ஆண்டவர் எங்கள் வீட்டுக்கு வந்த வழியை உங்களுக்குச் சொல்ல எழுதுகிறேன்.

என் மகள் ஜெனிக்கு ஏழு மாதமானபோது இதயத்தில் ஓட்டை இருப்பது தெரிந்தது. கணவர் வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை செய்கிறார். நான் மணவாளக்குறிச்சிக்கு அடுத்த கடற்கரையில் மீன் வாங்கி, தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்பவள். அறுவை சிகிச்சைக்கு அரசுக் காப்பீடு கிடைத்தது. ஆனால் ஜெனிக்கு எடை போதவில்லை. எடை ஏற்றிக் கொண்டு வாருங்கள், தாமதித்தால் நுரையீரல் கெட்டுவிடும் என்றார் மருத்துவர்.

மருத்துவமனையில் அடுத்த கட்டிலில் இன்னொரு குழந்தை. அதே வயது, அதே ஓட்டை. தாய் நாகர்கோவிலில் ஆசிரியை. நீண்ட விடுப்பில் இருந்தார். ஊட்டும்போது பிள்ளைக்கு மூச்சு வாங்கினால் நிறுத்துவார், தட்டிக் கொடுப்பார், மறுபடி ஊட்டுவார். அந்தக் குழந்தை உட்கார்ந்து கிலுக்கு ஆட்டியது. என் மகளுக்குக் கழுத்தே நிற்கவில்லை. அவர்களுக்கு அந்த வாரமே அறுவை சிகிச்சை நடந்தது. எனக்கு அவர்மேல் பொறாமை இல்லை. ஊட்டும் விதத்தை எனக்குப் பொறுமையாகச் சொல்லித் தந்தவரே அவர்தான்.

ஆனால் யார் இருந்து ஊட்டுவது? நான் விற்கப் போனால் அண்ணன் மனைவி, என் மைனிதான் ஜெனியைப் பார்த்துக்கொள்வார். அவருக்கே மூன்று பிள்ளைகள். நாலு வாய் குடித்ததும் ஜெனி வியர்த்து, களைத்துத் தூங்கிவிடுவாள். "ஒனக்க மவ தங்கம்டி, அழவே மாட்டா" என்பார் மைனி. அழுவதற்குப் பலமில்லை என்பது அவருக்குத் தெரியாது. அடுத்த முறை நிறுத்துப் பார்த்தபோது எடை இன்னும் குறைந்திருந்தது. பேருந்தில் வரும்போது அவள் முகத்தைப் பார்க்கவே பயந்தேன்.

அந்த ஞாயிறு எங்கள் தெருக் குடும்பங்கள் கூடும் அன்பியச் செபம் எங்கள் வீட்டில். என் முறை வந்தது. "மாதாவே, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். பிள்ளைக்க பக்கத்துல இருக்க கொஞ்சம் பகல் தா" என்றேன். அழுதுவிட்டேன். எல்லோரும் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் பக்கத்து வீட்டுப் புஷ்பம் வந்தாள். மீன் விற்கும் எங்களில் ஒவ்வொருத்திக்கும் தனித்தனித் தெரு உண்டு. ஒருத்தி தெருவில் மற்றவள் விற்கக் கூடாது. அந்தச் சண்டையில்தான் அவளும் நானும் பேச்சில்லாமல் இருந்தோம்.

"ஏட்டி, திங்கள்நகர்ல ஒனக்க தெரு எதெல்லாம்?"

"பிள்ளைக்கு சொகமில்லண்ணு தெருவப் பிடிக்க வந்தியா?"

"ஆமா, பிடிச்சு மடியில கெட்டிட்டுப் போவ வந்தேன். மீன் சருவத்த எடுட்டி. ஒனக்க மீன நான் விக்கேன். நீ பிள்ளைய வச்சிட்டு இரி."

"அப்ப எனக்க வாடிக்கை?"

"எல்லா வீட்லயும் சொல்லித்தான் குடுப்பேன், இது அவளுக்க மீனுண்ணு. ஒனக்க வாய்க்குப் பயந்தாவது தெருவத் திருப்பித் தருவேன்."

மற்ற பெண்களும் முறைவைத்துச் சுமந்தார்கள். நான் ஜெனியோடு உட்கார்ந்தேன். பாலாடைக் கிண்ணத்தில் கொஞ்சம் பால். பிறகு நேந்திரன் ஏத்தங்காய்ப்பொடிக் கூழ். "பைய, மக்கா, பைய." ஊட்டினேன், பேசினேன், நிமிர்த்திப் பிடித்தேன். கழுத்து நின்றது. ஒருநாள் பசி தாங்காமல் தெருவே கேட்க அழுதாள். மைனி ஓடி வந்து, "இதாரு, நம்ம ஜெனியா!" என்று சிரித்தார். நான் மாதா படத்தின் முன் முழங்காலிட்டேன்.

எடை ஏறியது. தவக்காலத் தொடக்கத்தில் அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. இப்போது ஜெனி சுவரைப் பிடித்து நடக்கிறாள். மற்ற பிள்ளைகளைவிடத் தாமதம்தான். ஆனாலும் நடக்கிறாள்.

புஷ்பம் தெருவைத் திருப்பித் தந்தாள். "ஒனக்க தெருக்காரியளுக்குப் பேரம் பேசாம சோறு எறங்காது. நீயே வச்சு அனுபவி" என்றாள்.

என் மகளைக் காப்பாற்றிய மருத்துவர்களுக்கு நன்றி. ஆனால் நோயுற்ற பிள்ளைக்கு அருகில் இருக்க ஒருவர் வேண்டும். பல வீடுகளில் அப்படி ஒருவரை வேலைக்கு அனுப்பாமல் வீட்டில் வைக்க முடிவதில்லை. இப்போது எங்கள் அன்பியத்தில் செபம் முடிந்ததும், யார் வேலையை யார் பகிர்ந்துகொள்வது என்று பேசிவிட்டுத்தான் எழுகிறோம்.

உங்களுக்கும் அப்படியொரு துன்பம் இருந்தால் நம்பிக் கேளுங்கள். வெட்கப்படாமல், பக்கத்து வீட்டாருக்கும் கேட்கும்படி கேளுங்கள். ஆண்டவர் யாரையாவது அனுப்புவார். வருகிறவரோடு பேச்சில்லாமல் இருந்தாலும், கதவைத் திறந்துவிடுங்கள்.