பெரியம்மாளின் கடைவாய்க் குழி

ஜவ்வாது மலைப் புளி வாங்குகிற எந்த வியாபாரியையும் கேட்டுப் பாருங்கள், பெரியம்மாள் பெயரைச் சொல்வார். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள், தன் வாயை மட்டுமே முதலாக வைத்து ஒடுகத்தூர்ச் சந்தையில் கடை பிடித்தாள். ஒரு சுளையை அதக்கினால் போதும், மலைப் புளியா அடிவாரத்துப் புளியா, புதுசா பழசா, எல்லாம் சொல்லிவிடுவாள். எந்தப் படிப்பாளிக்கு வரும் அது?

அந்த வாய்க்குத்தான் கேடு வந்தது. உடம்பில் சர்க்கரை. போன முறை பல் பிடுங்கிய குழி ஆறாமல் நாறி, ஒரு புளி சீசன் முழுக்க வீட்டில் முடங்கினாள். இப்போது மரமெல்லாம் பழுத்து நிற்கிற மாசியில் இன்னொரு கடைவாய்ப் பல் ஆடியது.

ஆலங்காயத்துப் பல் டாக்டர் ஷோபனா சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே பல்லில் கை வைத்தார். அவளுடைய ரத்தத்தையே பக்குவம் பண்ணிக் குழியில் வைத்தால் புண் ஆறத் துணையாக இருக்கும் என்றார். கையில் ரத்தம் எடுத்ததும் பெரியம்மாளுக்குச் சந்தேகம், வேறு யாருக்காவது ஏற்றிவிடுவார்களோ என்று. ரத்தக் குழாயை வைத்துச் சுற்றிய மெஷின் நிற்கும்வரை பக்கத்தை விட்டு நகரவில்லை. சிவப்பெல்லாம் அடியில் தங்க, குழாயின் நடுவில் மஞ்சளாக, நுங்கு போல ஒரு கட்டி நின்றது. பல்லைப் பிடுங்கி, அதை உள்ளே வைத்துத் தைத்தார் டாக்டர். துப்பக் கூடாது, நோண்டக் கூடாது என்று அனுப்பினார். வெற்றிலை போட்டுத் துப்பியே பழகியவளுக்கு எச்சிலை விழுங்குவது பெரும்பாடாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை கண்ணாடியில் பார்த்தால், குழிக்குள் வெளுப்பும் மஞ்சளுமாக என்னவோ. நாத்தனார் சாந்தம்மாள் எட்டிப் பார்த்து, சீழ் கட்டிவிட்டது, வழித்துப் போட்டு மஞ்சள்தூள் அடை என்று ஊசியை நீட்டினாள். பெரியம்மாள் வாங்கியும் விட்டாள். வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தி, நாக்கால் குழியோரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இன்னா அண்ணி யோசன? மறுபடியும் வூட்லயே கெடக்கப் போறியா?"

"நாத்தம் இல்ல, தெறிப்பு இல்ல. சீழுன்னா இப்படிச் சும்மா கெடக்குமாடி? கூடவே நின்னு பாத்து வெச்ச சரக்கு இது. என் ரத்தத்த நானே நோண்டிப் போடுவனா?"

"அப்புறம் வலிக்குதுன்னு எங்கிட்ட வராத."

"ஒன்கிட்ட ஏன் வர்றேன்? டாக்டரம்மா கிட்ட போறேன்."

ஊசியை வைத்துவிட்டு பஸ் ஏறினாள். ஷோபனா விளக்கடித்துப் பார்த்து, இது சீழ் இல்லை, சதை பிடிக்கத் தொடங்கியிருக்கிறது என்றார். புளியை வாயில் வைக்க மட்டும் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னார். வெளியே வந்ததும், மலையில் புளிய மரங்களைக் குத்தகைக்கு விடுகிற தீர்த்தகிரிக்குப் போன் போட்டாள் பெரியம்மாள்.

"அண்ணே, மரத்த எவனுக்கும் பேசிடாதீங்க. இந்த வருசம் நான் வர்றேன்."