கரும்பலகையில் வந்த அப்பா

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு தை மாதம். திண்டிவனத்தில் அலுவலக வேலை முடிந்ததும் ஒலக்கூர் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய், வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு டைரி எழுதும் பழக்கம் உண்டு. அதையே வகுப்பிலும் செய்தேன். அன்று தெருவில் நடந்ததை நாலு வரியாகக் கரும்பலகையில் எழுதுவேன், பிள்ளைகள் வாசிப்பார்கள். 'கோடி வீட்டு ஆடு குட்டி போட்டது' என்று எழுதினால், "எங்க ஆடு மிஸ்" என்று ஒரு குரல் எழும்.

நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் அசைய மாட்டாள். எழுத்துக் கூட்டி முடித்துவிடுவாள். என்ன புரிந்தது என்றால், "அதான் படிச்சிட்டேனே மிஸ்" என்பாள். அவள் அப்பா நெல் அறுப்பு மிஷின் ஓட்டுபவர். தஞ்சாவூர்ப் பக்கம் போனவர் பொங்கலுக்கும் வரவில்லை.

ஒருநாள் அவள் அம்மா வழியில் என்னை நிறுத்தினார். "அவரு விழுப்புரம் வந்துட்டாராம் மிஸ். மிஷினோட வந்துக்கினு இருக்காரு. பாப்பாகிட்ட இன்னும் சொல்லல."

"நான் போர்டுல எழுதட்டுமா?"

சிரித்தார். "எழுதுங்க. மகாராணி படிக்கிறாளான்னு பாப்போம்."

கடைசி வரியாக எழுதினேன்: 'அறுப்பு மிஷின் ஓட்டும் அப்பா இன்று வீட்டுக்கு வருகிறார்.'

வழக்கம்போல் வாசித்துக்கொண்டே வந்தவள் நின்றாள். யாரும் சொல்லாமல் அந்த வரியை மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். "எங்க அப்பாவா மிஸ்?" பதிலுக்குக் காத்திருக்காமல், செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடினாள்.

அவர் வரவில்லை. விழுப்புரத்தை அடுத்த கோலியனூரில் யாரோ கூப்பிட, மிஷின் அங்கே வயலில் இறங்கிவிட்டது.

இனி அவள் பலகையை நம்புவாளா என்ற பயத்தோடுதான் மறுநாள் போனேன். எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். "இன்னிக்கும் அப்பாவப் பத்தி எழுதுங்க மிஸ். நெசமா இருந்தாத்தான் எழுதணும்."

'அப்பா கோலியனூரில் நெல் அறுக்கிறார். வேலை முடிந்ததும் வருவார்.'

மெதுவாக வாசித்தாள். வாசித்து முடித்த பிறகும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோலியனூரு எவ்ளோ தூரம் மிஸ்?"

படித்ததைப் பற்றி, பதிலுக்குக் காத்திருந்து அவள் கேட்ட முதல் கேள்வி அது.

அப்பா வந்து சேர்ந்த அன்று அவள் வகுப்புக்கே வரவில்லை. கொஞ்ச நாளில் எனக்கும் விழுப்புரத்துக்கு மாற்றலாகிவிட்டது. கோலியனூர் வழியே பேருந்தில் போகும்போது வயலில் அறுப்பு மிஷினைக் கண்டால், ஓட்டுபவருக்காக எங்கோ ஒரு பிள்ளை எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். அந்தப் பலகையின் முன் இன்னும் ஒரு மாலை நிற்க மாட்டோமா என்று மனம் இன்றும் ஏங்குகிறது.