இரண்டாவது ஆணி

என் மச்சாள் ஜெயகௌரி கோபம் வந்தால் கத்தமாட்டாள். காத்திருப்பாள். அதுதான் பயம்.

லண்டனின் கிழக்கு விளிம்பில், வயல்களுக்கு நடுவே நின்ற ஒரு ரயில் சிக்னல் பெட்டியில் அவளுக்கு வேலை. விக்டோரியா மகாராணி காலத்துக் கட்டடம். கீழே செங்கல், மேலே மரம், தண்டவாளம் நன்றாகத் தெரிய மூன்று பக்கமும் கண்ணாடி. உள்ளே தண்டவாளத்தையும் சிக்னலையும் மாற்றும் லீவர்கள் வரிசையாக நிற்கும். ஒன்றை இழுத்தால் அதற்கு எதிரானது அசையாதபடி கீழ்த்தளத்து இரும்புச் சட்டங்கள் பூட்டிக்கொள்ளும். லீவரை வெறுங்கையால் பிடிக்கக்கூடாது, வியர்வை பட்டால் துருப்பிடிக்கும். துணியால்தான் பிடிக்கவேண்டும். எல்லா ஷிப்டுக்கும் சுவர் ஆணியில் தொங்கும் அந்த ஒரே துணிதான்.

அங்கே மூத்தவன் வாமதேவன், எங்கள் யாழ்ப்பாணத்தான். முதல் நாளே கேட்டான்.

"பிள்ளை எந்த ஊர்?"

சொன்னாள்.

"ஊரில எவடம்?"

சாதியை நேரே கேட்க வெட்கப்படுகிறவர்களின் கேள்வி அது. அவள் ஒளிக்காமல் சொன்னாள். மறுநாள் சுவரில் இரண்டாவது ஆணி, அதில் அவனுக்கென்று தனித் துணி. வெள்ளைக்காரர்களோ சுத்தமான மனிதன் என்று மெச்சினார்கள். நாசமாய்ப் போவான்! கடல் கடந்தும் தீட்டைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

"மேலிடத்தில சொல்லடி" என்றேன்.

"என்னெண்டு சொல்லுறது? ஆணி அடிச்சிட்டார் எண்டோ? பொறு மச்சாள்."

2007இல் பெட்டியை மூடினார்கள். ஓய்வுபெற்றிருந்த வாமதேவனுக்குக் கடைசி லீவரை இழுக்கும் மரியாதை. கோட்டும் சூட்டும், மனைவியும் கமராவுமாக வந்தான். அன்று டியூட்டியில் ஜெயகௌரி. அவள் அனுமதி இல்லாமல் யாரும் லீவரைத் தொட முடியாது. நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன்.

அவன் சுவரைப் பார்த்தான். வெறும் ஆணி.

"என்ர துணி எங்க?"

"அடுப்புக்க போட்டிட்டன், அண்ணை." தன் கையிலிருந்த பொதுத் துணியை நீட்டினாள். "இந்தாங்கோ, இதால பிடியுங்கோ."

அவன் கை பாதியில் நின்றது.

"பிடியுங்கோவன், என்ன யோசினை?" என்றாள் ஒன்றும் அறியாத மனைவி.

"எனக்குக் கை நோகுது" என்றான்.

"ஐயோ பாவம். அப்ப இதை வைச்சிருங்கோ." துணியை அவன் தோளில் போட்டாள். வெறுங்கையால் லீவரை இறுக்கிப் பிடித்தாள். "துருப்பிடிச்சாப் பிடிக்கட்டும்!"

இழுத்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். அந்த நேரம் பார்த்து அவன் மனைவியே படம் எடுத்துவிட்டாள். படத்தில் ஜெயகௌரி சிரிக்கிறாள். பக்கத்தில் வாமதேவன், தோளில் அவள் துணி.

ஒரு பிரதி கேட்டு வாங்கி, எங்கள் ஹோலில் மாட்டியிருக்கிறேன். ஆணியை நான்தான் அடித்தேன்.